அவள் காய்ச்சிய களிம்பு

கடைவீதியில் கண்ணாடியக்கா என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினேழு வருட வேலை. ஃபிரேமைச் சூட்டில் காட்டி இளக்கி, வந்தவரின் காதுக்குப் பின்னால் படியும்படி வளைத்து, மூக்கின் மேல் உட்காரும் இரண்டு சின்னத் தாங்கிகளையும் குறட்டால் ஒரு நூல் அளவு நகர்த்திவிட்டு, "இப்பக் குனிஞ்சு பாருங்க, விழுதா?" என்று கேட்பாள். விழாது. பவர் சரியாக இருந்தும் தலைவலிக்கிறது என்று வேறு கடையில் வாங்கியதை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்கூட அவள் கைபட்டால் சரியாகும் என்றுதான் வருவார்கள்.

அந்தக் கைகளுக்குத்தான் வந்தது. அதற்கு முன்னால் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் சின்ன வயதிலிருந்தே இருந்ததுதான். டாக்டர்கள் எக்ஸிமா என்றார்கள், வீட்டில் கரப்பான் என்றார்கள். மகள் மூன்று வயதில், அம்மா முழங்கையில் கரப்பான் என்று யாரோ பேசுவதைக் கேட்டுவிட்டு, செருப்பைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்த கதையைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஆனால் முப்பத்தெட்டாவது வயதில் அது விரல்களுக்கு இறங்கியபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கணுக்களில் தோல் பிளந்து நீர் கசிந்தது. விடிந்தால் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள்.

ஒரு நாள் நன்றாக உடுத்திய ஒரு பெண்மணிக்குக் கண்ணாடியை மாட்டக் கை நீட்டினாள். அந்த அம்மாள் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இது ஒட்டுமா?"

"ஒட்டாதுங்க. வெறும் தோல் வியாதிதான்."

"இருந்தாலும் வேற யாராவது மாட்டி விடட்டுமே."

முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நல்ல மனிதர், கடுஞ்சொல் சொல்லமாட்டார். "கொஞ்ச நாள் உள்ளே லென்ஸ் தேய்க்கிற வேலையைப் பாரும்மா. கை ஆறட்டும்" என்றார். லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தில் ஓயாமல் தண்ணீர் சொட்டும். ஆற வேண்டிய கை அங்கே போய் இன்னும் புண்ணானது.

அவள் கணவர் மருந்துக்கடையில் வேலை செய்பவர். டாக்டர் எழுதித் தரும் களிம்பை அவரே கொண்டுவந்து தருவார். போட்டால் பத்து நாளில் அடங்கும், விட்டால் மறுபடி தலைதூக்கும். இந்தக் கண்ணாமூச்சி ஆட்டம் அவளுக்குச் சலித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் தங்கை அவளைத் 'தோலும் உணவும்' என்ற ஃபோன் குழுவில் சேர்த்துவிட்டாள். குழுவை நடத்தியவரை எல்லோரும் குழு அம்மா என்பார்கள். களிம்பு நோயை ஆற்றுவதில்லை, உள்ளே தள்ளிப் பூட்டுகிறது, நோய் வயிற்றில்தான் பிறக்கிறது என்று அந்த அம்மா தினமும் காலையில் குரல்பதிவு அனுப்புவார். குரல் அவ்வளவு இதமாக இருக்கும். எந்த டாக்டரும் அவளிடம் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

வீட்டிலிருந்த ட்யூப்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக் குப்பையில் சேர்த்தாள்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்தலாமே" என்றார் கணவர்.

"உங்க கடையில வியாபாரம் படுத்துடும்னு கவலையா?"

அவர் செருமினார். அவர் சுபாவமே அதுதான். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார், ஒன்று பேச வேண்டிய இடத்தில் செருமுவார்.

முதலில் பால் போனது. பிறகு முட்டை, கோதுமை, நிலக்கடலை, தக்காளி, கத்தரிக்காய், சர்க்கரை. வீட்டுக்கு வந்த எதையுமே பிடிக்காத மாமியார் மாதிரி நாளுக்கொரு பொருளாக வெளியே அனுப்பினாள். ஒரு நோட்டில் இடது பக்கம் தின்றது, வலது பக்கம் அரித்தது என்று எழுதிவந்தாள். அவளுக்கு ஒரு சமையல், மற்ற இருவருக்கு ஒரு சமையல் என்று அடுப்படியில் நின்று மாளவில்லை. அதனால் மூன்று பேருக்கும் ஒரே சமையல் என்றாகிவிட்டது. மகளுக்கு அப்போது பதினான்கு வயது. தட்டைப் பார்ப்பாள், அப்பாவைப் பார்ப்பாள், சாப்பிடுவாள்.

இரண்டு மாதம் கைகள் மோசமானதுதான் மிச்சம். கையில் பருத்திக் காலுறையை மாட்டிக்கொண்டு படுத்தாள். மகள்தான் சடை பின்னிவிட்டாள். விஷம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் குழு அம்மா. மூன்றாவது மாதம் அவர் சொன்னபடி, தேங்காய் எண்ணெயில் கற்றாழைச் சோற்றைப் போட்டு நீர் வற்றக் காய்ச்சி, வடிகட்டி, தேன்மெழுகு கரைத்து ஒரு களிம்பு செய்தாள். ஆறியதும் வாயகன்ற கண்ணாடி டப்பாவில் ஊற்றிக் குளியலறை அலமாரியில் வைத்தாள்.

ஒரு வாரத்தில் அரிப்பு நின்றது. இரண்டாவது வாரம் பிளவுகள் கூடின. மூன்றாவது வாரம் அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ புதுசாகச் செய்து கொடுத்த கைகள் மாதிரி இருந்தன. தங்கைக்கு ஃபோன் போட்டு, ஒரு மணி நேரம் பேசி, பேச்சுக்கு நடுவே வாய்விட்டுச் சிரித்தாள். கணவர் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி அவளை மறுபடி கடையின் முன்பக்கத்துக்கு அழைத்துக்கொண்டார். கண்ணாடி மாட்ட வருகிறவர்களிடம் கைகளைக் காட்டி, "ஒரு மருந்து கிடையாது, எல்லாம் சாப்பாடுதான்" என்று சொல்லாத நாளில்லை. குழுவில் அவள் கைகளின் பழைய படமும் புதிய படமும் பக்கம் பக்கமாக வந்தன. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் பதில் சொன்னாள். வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் அவளிடம் வழி கேட்டார்கள். அந்தச் சுகம் லேசானது இல்லை.

வழி கேட்டவர்களில் ஒருத்தி அதே கட்டடத்தில் மாடிவீட்டில் குடியிருந்த இளம்பெண். பத்து மாதக் கைக்குழந்தை, கன்னமும் முழங்கால் மடிப்பும் சிவந்து கிடந்தன. டாக்டர் கொடுத்த களிம்பைப் போட அவளுக்குப் பயமாக இருந்தது.

"போடாதே. தாய்ப்பால்தானே குடுக்கறே? நீ வாயைக் கட்டு, குழந்தைக்குத் தானா ஆறும்" என்றாள் கண்ணாடியக்கா. தன் டப்பாவிலிருந்து களிம்பை வழித்து ஒரு சின்னச் சிமிழில் நிரப்பினாள். "நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்று கணவர் வாங்கிக்கொண்டார். மாடிப்படி ஏறுவதற்கே அலுத்துக்கொள்கிற மனுஷன், அன்றைக்கு அதிசயமாக இருந்தது.

ஐந்து வாரம் கழித்துக் குழந்தையின் கன்னங்களில் சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் எட்டு நாள் வைத்துக்கொண்டார்கள். கண்ணாடியக்கா பார்க்கப் போனாள். கட்டிலருகில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "நீ மறைச்சு எதையாவது சாப்பிட்டியா?" என்பதுதான். "எனக்கு ஆறிச்சே, உனக்கு ஏன் ஆறலை? எங்கேயோ தப்பு நடந்திருக்கு. யோசிச்சுப் பாரு."

அந்தப் பெண் யோசித்தாள். "கல்யாண வீட்டுல ஒரு வாய் பாயசம்..." என்று சொல்லிவிட்டு அழுதாள். கண்ணாடியக்கா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அன்று வீடு திரும்பியதும் இதையெல்லாம் கணவரிடம் சொன்னாள். அவர் செருமினார்.

அந்தக் களிம்பைப் போட ஆரம்பித்த பதினான்காவது மாதம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஃபிரேமின் முனை ஒன்று மணிக்கட்டில் லேசாக உரசியது. உரசிய இடத்தில் தோல் வெங்காயச் சருகு மாதிரி சுருண்டு கையோடு வந்தது. சுற்றிலும் கருநீலம் படர்ந்தது. முதலாளிதான் விடாப்பிடியாக டாக்டரிடம் அனுப்பினார்.

தோல் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். கைகளைப் பார்த்தார், முழங்கை மடிப்பில் ஓடிய ஊதா வரிகளைப் பார்த்தார், விளக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"எத்தனை மாசமா ஸ்டீராய்டு களிம்பு போடறீங்க?"

"நான் போடறதே இல்ல டாக்டர். நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகப்போகுது."

"வேற என்ன போடறீங்க?"

அவள் பெருமையோடு பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தாள். டாக்டர் மோந்து பார்த்தார், விரலில் தேய்த்துப் பார்த்தார். "யார் செஞ்சது?"

"நானேதான்."

"அப்படீன்னா நீங்க கலக்காத ஏதோ ஒண்ணு இதுல இருக்குன்னு நினைக்கறேன். வெறும் எண்ணெயும் மெழுகும் தோலை இப்படி நைஞ்சு போக வைக்காது. பலமான மருந்து, ரொம்ப நாள், நிறுத்தாம போட்டா இப்படி ஆகும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "வீட்ல இந்த டப்பாவை வேற யாரு தொடுவாங்க?"

"நாங்க மூணு பேர்தான் டாக்டர்" என்று சொல்லிச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. மெதுவாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், சட்டென்று விட்டால் பொங்கி வரும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கணவர் மேல் சந்தேகம் வந்தது என்று சொல்ல முடியாது. வந்த சந்தேகத்தை அவள் உட்காரவிடவில்லை. தேன்மெழுகு விற்கிறவன் ஏதாவது கலந்திருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அடுத்த முறை காய்ச்சியபோது ஒரே பாத்திரத்திலிருந்து இரண்டு டப்பாக்களில் ஊற்றினாள். ஒன்றை வழக்கம்போலக் குளியலறையில் வைத்தாள். மற்றதைக் கடைக்குக் கொண்டுபோய்த் தன் இழுப்பறையில் பூட்டினாள்.

ஆறாவது நாள் வீட்டு டப்பாவையும் கடைக்கு எடுத்துப் போனாள். மத்தியானம் கூட்டமில்லாத நேரம். பவர் இல்லாத இரண்டு வெற்று லென்ஸ்களுக்கு நடுவே இழுப்பறைக் களிம்பில் ஒரு பொட்டு வைத்து அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இளமஞ்சளாக, தெளிவாக, எதிர்க்கடைப் பெயர்ப்பலகை மங்கலாகத் தெரிந்தது. இன்னொரு ஜோடி லென்ஸில் வீட்டுக் களிம்பை வைத்தாள். பாலாடை மாதிரி வெளுத்து மறைத்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மூன்று முறை பார்த்தாள். மெழுகு விற்கிறவன் பாவம், அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து மூவரும் மேஜையில் இருந்தார்கள். அவள் எழுந்துபோய் இரண்டு டப்பாக்களையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுல என்ன கலந்தீங்க?"

என்ன உளறுகிறாய் என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். கேட்டிருந்தால் நம்பவும் தயாராக இருந்தாள். அவர் செய்தித்தாளை நாலாக மடித்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் மகளைப் பார்த்தாள். மகள் டப்பாக்களைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது என்ன செய்யப் போகிறோம் என்பது போல.

"உனக்கும் தெரியுமா?"

"அப்பா சொல்லலைம்மா. நானாத்தான் பார்த்தேன். போன வருஷம் அரைப்பரீட்சை லீவுல, கதவு திறந்திருந்துச்சு."

போன வருஷம். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக இந்தப் பெண் தினமும் எதிரே உட்கார்ந்து, முட்டையில்லாமல் பாலில்லாமல் சாப்பிட்டுக்கொண்டு, அம்மா தன் கைகளின் கதையை ஊருக்கெல்லாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பா கடைப்பக்கம் நான் போனா முட்டை பன் வாங்கித் தருவாரு. நான் கேட்டேன், அம்மாகிட்ட சொல்லிடலாமேன்னு. அம்மா நல்லா இருக்காள்ல, விடுன்னாரு."

அவள் கண்ணுக்குள் அந்தக் காட்சி வந்து நின்றது. அப்பாவும் மகளும் பன் கடை வாசலில் நின்று தின்றுகொண்டிருக்கிறார்கள். சிரித்தார்களா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

அவர் பேச ஆரம்பித்தார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதேயில்லை. "முதல்ல ஒரு ட்யூப்தான் கலந்தேன். உன் கையைப் பார்க்க முடியல. சொன்னா நீ போட மாட்டே. ரெண்டு வாரத்துல ஆறினதும் சொல்லிடணும்னுதான் இருந்தேன். நீ உன் தங்கச்சிக்கு ஃபோன் பண்ணிச் சிரிச்சே. வாய் வரல எனக்கு. எண்ணெயில கலந்தா வீரியம் குறையும்னு, இருக்கறதுலயே பலமானதா எடுத்தேன். நிறுத்தினா பழையபடி ஆயிடுமேன்னு பயம். அப்படியே போயிடுச்சு."

"நான் ஊர்ல எத்தனை பேருக்குச் சொன்னேன், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"ஒவ்வொரு தடவையும் பக்கத்துலதானே இருந்தீங்க?"

அவர் மடித்த செய்தித்தாளை இன்னொரு மடிப்பு மடித்தார். அப்போதுதான் அவளுக்கு மாடிவீட்டு ஞாபகம் வந்தது. கேட்க வேண்டாம் என்று ஒரு மனம் தடுத்தது.

"மாடிக்குக் குடுத்த சிமிழ்?"

"அதை மாத்திட்டேன். அவ்வளவு பலமான மருந்து கைக்குழந்தைக்கு ஆகாது. சுத்தமான எண்ணெய்லயே புதுசாச் செஞ்சு குடுத்தேன்."

"வெறும் எண்ணெய்."

"ஆமா."

"வெறும் எண்ணெய்க்கு ஆறாதுன்னு உங்களுக்குத் தெரியும். டாக்டர் மருந்தை அவ நிறுத்திட்டான்னும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே படியேறிப் போய்க் கையில குடுத்துட்டு வந்தீங்க."

"டாக்டர்கிட்டயும் காட்டுங்கன்னு சொன்னேன்..."

"எத்தனை தடவை?"

அவர் செருமினார். அந்தச் செருமலை அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தன் கைகளைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. புண்ணாக இருந்த காலத்தில்கூட அவற்றின் மேல் அவளுக்கு அருவருப்பு வந்ததில்லை.

மூன்று நாள் கழித்து மாடி ஏறினாள். அந்தப் பெண் கதவை முழுசாகத் திறக்கவில்லை. உள்ளே குழந்தை ஒரு நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. கன்னம் தெளிவாக இருந்தது. கண்ணாடியக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கணவர் செய்ததைச் சொன்னாள், தனக்குத் தெரியாது என்பதையும் சொன்னாள். சொல்லும்போதே, தெரியாது என்ற வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே உறைத்தது.

"ஆஸ்பத்திரியில என்ன கேட்டீங்கன்னு ஞாபகம் இருக்காக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கு."

"மறைச்சுத் தின்னியான்னு கேட்டீங்க. என் வீட்டுக்காரரும் மாமியாரும் பக்கத்துல நின்னாங்க. இன்னைக்கு வரைக்கும் அந்த ஒரு வாய் பாயசத்தை வீட்ல சொல்லிக் காட்டறாங்க. குழந்தை எட்டு நாள்ல தேறிடுச்சு. இது தேறல."

"நான் வந்து அவங்ககிட்ட சொல்றேன். தப்பு என்னோடதுன்னு சொல்றேன்."

அந்தப் பெண் உள்ளே குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். "சாயந்தரம் ஆறு மணிக்கு ரெண்டு பேரும் இருப்பாங்க. வாங்க" என்று கதவைச் சாத்தினாள். ஆறு மணிக்குப் போய்ச் சொன்னாள். மாமியார் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். கிளம்பியபோது அவள் கணவரும் கூட வருவதாகச் சட்டையை மாட்டினார். வர வேண்டாம் என்றுவிட்டாள்.

குழுவிலும் எழுதினாள். தன் கைகள் சாப்பாட்டால் ஆறவில்லை, தெரியாமல் போட்ட மருந்தால் ஆறின, அந்த மருந்தாலேயே இப்போது கெட்டிருக்கின்றன, குழந்தைகளுக்கு டாக்டர் கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று எழுதினாள். பத்து நிமிடத்தில் குழு அம்மா அவளை நீக்கிவிட்டார். தங்கை ஃபோனில் கூப்பிட்டு, "அந்த அம்மாவை ஏன் சங்கடப்படுத்தறே?" என்றாள். குழு அம்மாவின் இதமான அந்தக் குரல் ஒரு வருடத்துக்கு மேல் அவளோடு பேசியிருக்கிறது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஒரு வரி அதனிடமிருந்து வரவில்லை.

களிம்பைக் குறைக்கக் குறைக்க, டாக்டர் சொன்னபடி, பொங்கத்தான் செய்தது. இரண்டு மாதம் மறுபடி உள்ளறையில் இருந்தாள். இந்த முறை முதலாளி அவளைத் தண்ணீர் சொட்டும் இயந்திரத்தில் விடவில்லை, உலர்ந்த வேலையாகப் பார்த்துக் கொடுத்தார். டாக்டர் பரிசோதனைக்கு எழுதினார். சிலருக்குச் சாப்பாடு காரணமாக இருக்கும், உங்களுக்கு அப்படி இல்லை என்று முடிவைக் காட்டினார். பால் ஒத்துக்கொள்ளும், முட்டை ஒத்துக்கொள்ளும், கோதுமையும் ஒத்துக்கொள்ளும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு முட்டையை வேகவைத்து, அடுப்படியில் நின்றபடியே உப்புப் போடாமல் தின்றாள். ருசித்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. நோட்டைக் கிழித்துப் போட்டாள்.

மகளோடு மெல்ல மெல்லச் சரியானது. ஒரு சனிக்கிழமை அவளே, "எந்த பன் கடைடி அது?" என்று கேட்டு அழைத்துப் போகச் சொன்னாள். மகள் வழியெல்லாம் அழுதாள். "அப்பாவையும் விட்டுக்குடுக்க முடியல, உன்னையும் விட்டுக்குடுக்க முடியலம்மா" என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றினவர்களில் தானும் ஒருத்தி என்று அவளுக்குப் புரிந்தது. தன்னிடம் யாரும் எதையும் சொல்ல முடியாதபடி அவள் அந்த ஒரு வருஷம் இருந்திருக்கிறாள். புரிந்தது என்பதற்காகக் கணவர் மேல் இருந்த கோபம் குறைந்துவிடவில்லை. இரண்டும் தனித்தனியாக இருந்தன.

ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். காய்கறி, தண்ணீர்க் குழாய் ரிப்பேர், மகளின் பரீட்சை என்று பேச வேண்டியதைப் பேசுகிறார்கள். "எப்ப என்கிட்ட பேசுவே?" என்று அவர் ஒருமுறை கேட்டார். "பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள். கைகள் இப்போது முக்கால்வாசி பரவாயில்லை. மிதமான மருந்து, அளவோடு, நாள் கணக்கு வைத்துப் போடுகிறாள். அதை வேறு தெருவில் உள்ள மருந்துக்கடையில்தான் வாங்குகிறாள். கைப்பையின் உள் ஜிப்பில் வைத்திருக்கிறாள்.

ஒரு காலையில் அவர் காப்பி கலந்து கொண்டுவந்து அவள் முன் வைத்தார். அவள் டம்ளரை எடுத்தாள், வாயருகே கொண்டுபோனாள், குடிப்பதற்கு முன் ஒரு கணம் மோந்து பார்த்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்தது. நிமிர்ந்தபோது அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் குடித்தாள். மறுநாளிலிருந்து அவரவர் காப்பியை அவரவரே கலந்துகொள்கிறார்கள்.